ஒரு பைசா இதழும் நம் கைப்பேசியும்

அனந்தபுரத்தில் விழுப்புரம் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரித் தம்பி தங்கைகள் காதில் எப்போதும் ஹெட்செட் இருக்கிறது. "அண்ணா, நம்ம வரலாறு ஆடியோவுல இருக்கா?" என்று ஒரு தங்கை கேட்டாள். கேள்வி சின்னதுதான், ஆனால் அதற்குப் பின்னால் 130 வருடக் கதை இருக்கிறது.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். விலை இரண்டு அணா. முதல் இதழின் 400 பிரதிகள் இரண்டே நாளில் விற்றன என்று தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். வசவாக எறியப்பட்ட பெயரையே முகப்பில் அச்சிட்ட துணிச்சல் அது. ஏழு ஆண்டுகள் வந்த அந்த இதழ் முழுத் தொகுதியாக இன்று நம் கையில் இல்லை. பத்திரிகைகளைக் கண்காணிக்க காலனி அரசு தயாரித்த ஆங்கிலக் குறிப்புகளில்தான் அதன் செய்திகள் கொஞ்சம் தங்கியிருக்கின்றன. நம் குரலை நாம் படிப்பதற்கு உளவு பார்த்தவனின் கோப்பைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது!

அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' 1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து வெளிவந்தது. மறு ஆண்டு 'தமிழன்' ஆனது. கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். 1914இல் பண்டிதர் மறைந்தார். பிறகு பல்லாண்டுகள் அவர் பெயரே பொதுவெளியில் இல்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைப் பாதுகாத்து வைத்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளைக் கொண்டுவர முடிந்தது. பெரிய நூலகங்கள் செய்யாததைச் சில வீட்டுப் பெட்டிகள் செய்தன.

அம்பேத்கரும் இதே பாடுதான் பட்டார். லாகூரில் பேச அழைத்தவர்கள் பின்வாங்கியதும், 1936இல் அந்த உரையைச் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டு மாதத்தில் தீர்ந்தது. அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பு வரும்போதே தமிழ் மொழிபெயர்ப்பு வந்துவிட்டிருந்தது. இன்று அந்நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

கிடைப்பது வேறு, படிக்க முடிவது வேறு. நாம் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடும் பிடிஎஃப்களில் பாதி வெறும் படங்கள். சொல் தேட முடியாது, பார்வையற்ற தோழரின் செயலி அதை வாசிக்காது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்தைத் தட்டச்சு செய்தே மின்நூலாக்கியது. அந்த உழைப்பு நம் இதழ்களுக்கும் வேண்டும். நாற்று நட்டுவிட்டு வரும் அம்மாவுக்கோ மின்நூலைவிட ஒலிநூல்தான் உதவும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களின் பதிப்புரிமை முடிகிறது. பண்டிதரின் எழுத்து எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டது. அம்பேத்கர் தம் காலத்தில் வெளியிட்ட ஆங்கில நூல்கள் 2017 முதல் அப்படித்தான். ஆனால் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, பதிப்புரை, குறிப்புகளுக்கும் உண்டு. கேட்காமல் பதிவேற்றி வம்பில் மாட்ட வேண்டாம்.

அந்தத் தங்கைக்கு, "நீயே வாசிச்சுப் பதிவு பண்ணு" என்றேன். 'இந்திரர் தேச சரித்திர'த்திலிருந்து தொடங்குகிறாள். பண்டிதர் தமிழ் கரடுமுரடுதான். பாலிச் சொல் வந்தால் நிறுத்தி, பொருள் சொல்லிவிட்டு மேலே போகச் சொல்லியிருக்கிறேன்.