விட்டவர்கள்

தமிழில் 'விடு' என்ற சின்ன வினைச்சொல் படும் பாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? பட்டம் விடலாம், மூச்சு விடலாம், சிகரெட்டை விடலாம், கதையும் விடலாம். பிரெஞ்சுக்காரர்களிடம் இதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு: 'ரெனோன்சே'. ராஜா மகுடத்தைத் துறந்தாலும் ரெனோன்சேதான். சாமியார் உலகத்தைத் துறந்தாலும், வாரிசு 'அப்பா சொத்தும் வேண்டாம், கடனும் வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்டாலும் அதேதான். அட, சீட்டாட்டத்தில் எதிராளி ஸ்பேடு இறக்கும்போது நாம் வேறு சீட்டைப் போட்டாலும் ரெனோன்சே!

இந்தச் சொல் 1881 செப்டம்பர் 21-ம் தேதி ஓர் அரசாணையில் ஏறிப் புதுச்சேரிக்கு வந்தது. 21 வயது நிரம்பிய இந்தியர், ஆணோ பெண்ணோ, தங்கள் மத, ஜாதி வழக்கச் சட்டத்தை 'விட்டுவிடலாம்'. அதன்பின் கல்யாணம், சொத்து எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு சிவில் சட்டம்தான். குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். மனைவியும் மைனர் பிள்ளைகளும் கூடவே மாறிவிடுவார்கள். முக்கியமான விஷயம், ஒருமுறை விட்டால் விட்டதுதான். திரும்ப வழியே கிடையாது. இப்படி விட்டவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர்.

இதில் முன்னால் நின்றவர் வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-ல் ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்ததற்காக நடவடிக்கைக்கு ஆளாகி, பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தவர். அவர் வைத்துக்கொண்ட குடும்பப் பெயர் 'லாபோர்த்'. பிரெஞ்சில் 'கதவு' என்று அர்த்தம்!

நான் பி.காம். என்பதால் எதையும் வரவு, செலவாகத்தான் பார்க்கத் தோன்றும். செலவு, முன்னோர் வழக்கம். வரவு? ஜாதி கேட்காத ஒரு சட்டம். பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் சம பங்கு. 1881-ல் இது சாதாரண விஷயமில்லை. ஆனால், 'விட்டுட்டு வாங்க' என்று கூப்பிட்டவர்கள் பக்கத்தில் உட்கார வைக்கவில்லை. 1884-ல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர். 1899-ல் ரெனோன்சான் பட்டியலையும் எடுத்துவிட்டார்கள். அவர்கள் திரும்பவும் இந்தியர் பட்டியலில்!

இதைப் பாஸ்போர்ட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு வினைச்சொல்: 'ஒப்தே', அதாவது தேர்ந்தெடு. 1962 ஆகஸ்ட் 16-ல் இணைப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுப் பிரஜைகளுக்கு ஆறு மாதம் கெடு. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரர், கொடுக்காதவர் இந்தியர். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்த, கல்யாணமாகாத பிள்ளைகளின் தேசம் எது என்பது அப்பா போட்ட கையெழுத்தில் இருந்தது.

எழுதிக் கொடுக்காத ரெனோன்சான்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். ஆனால், தாத்தா விட்டது விட்டதுதானே? 1963-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தபோது, 'ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது' என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அந்த பிரெஞ்சுச் சொல் அப்படியே நம் சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்துகொண்டது.

விளைவு? மூன்று பிள்ளைகள் உள்ள ரெனோன்சான் அப்பா, பிரெஞ்சு சிவில் சட்டப்படி, தன் சொத்தில் கால் பங்கைத்தான் இஷ்டம்போல உயில் எழுதலாம். மீதி முக்கால் பங்கு பிள்ளைகளுக்கு. 'மகளுக்கு ஒரு பைசா கிடையாது' என்று கோபத்தில் எழுதி வைத்தாலும், கோர்ட்டில் அது நிற்காது.