வானியல் நூல்கள், பொது வாசகருக்கானவை

கணிதப் பயிற்சியோ தொலைநோக்கியோ இல்லாத ஒருவர், வானத்தைப் பற்றி அறிய வேண்டும் என்ற ஆசையை மட்டும் கைமுதலாகக் கொண்டு படிக்கும்படி எழுதப்படும் நூல்கள் இவை. கோள்கள், விண்மீன்கள், அண்டத்தின் தோற்றம், அதன் முடிவு ஆகியவை இவற்றின் பொருள். பஞ்சாங்கமும் சோதிட நூலும் இவ்வகையில் சேரா. பாடநூலையும் விலக்குவதே வழக்கம். எனினும் அந்தக் கோடு அடிக்கடி அழிந்திருக்கிறது: பொதுமக்களுக்கென்று கேட்டு வாங்கிய நூல் பல்கலைக்கழகப் பாடமாகிப்போனதும் உண்டு.

தொடக்கம் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்கக் கவிஞர் அராட்டஸ் விண்மீன் கூட்டங்களைப் பாடிய நெடுங்கவிதையை முதல் நூலாகக் கொள்வோர் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் சாக்ரோபாஸ்கோ எழுதிய 'கோளம்' ஐரோப்பிய மாணவர் கைகளில் நானூறு ஆண்டுகள் புழங்கியது. பெரும்பாலான வரலாறுகள் இங்கிருந்து ஒரே தாவலில் 1610க்கு வந்துவிடுகின்றன.

அவ்வாண்டு மார்ச்சில் வெனிஸ் நகரில் கலிலியோவின் 'விண்மீன் தூது' 550 படிகள் அச்சாகி, சில நாட்களிலேயே விற்றுத் தீர்ந்தது. நிலவில் மலைகள் இருப்பதையும் வியாழனை நான்கு நிலவுகள் சுற்றிவருவதையும் முதன்முதலில் சொன்ன அந்தச் சிறு நூல் லத்தீனில் இருந்தது. படித்தவர்களுக்கு மட்டுமே எட்டியது. 1632இல் வெளிவந்த அவரது 'இரு பெரும் உலக அமைப்புகள் பற்றிய உரையாடல்' இத்தாலிய மொழியில் எழுதப்பட்டது. மூன்று பேர் நான்கு நாட்கள் பேசுகிறார்கள். ஒருவர் கோப்பர்னிக்கஸ் பக்கம், ஒருவர் அரிஸ்டாட்டில் பக்கம். மூன்றாமவரான சாக்ரெடோ துறை அறிஞர் அல்லர். ஆனால் கூர்மையாகக் கேள்வி கேட்பவர். தெரிந்தவரும் தெரிந்துகொள்ள விரும்புபவரும் உட்கார்ந்து பேசும் இந்த வடிவம் இவ்வகை நூல்களை அதன் பிறகு விட்டுப் போகவில்லை. நூல் கத்தோலிக்கத் திருச்சபையின் தடைப் பட்டியலில் ஏறியது. 1835இல் வெளிவந்த பட்டியலில்தான் அது இடம்பெறவில்லை.

அந்த வடிவத்தை உலகறியச் செய்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஃபொந்தெனெல் (1657–1757). 1686இல் வெளிவந்த அவரது 'உலகங்களின் பன்மை பற்றிய உரையாடல்கள்' நூலில் ஓர் ஆடவர் ஒரு சீமாட்டியின் தோட்டத்தில், இரவு உணவுக்குப் பின் உலாவியபடியே வானத்தை விளக்குகிறார். ஐந்து மாலைகள், அடுத்த ஆண்டில் ஆறாவதும் சேர்ந்தது. இயற்கை ஓர் இசைநாடக மேடை போன்றது, கயிறுகளும் உருளைகளும் திரைக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன என்று அவர் தொடங்கும் இடம் இன்றும் கண்முன் நிற்கிறது. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த 'கிளேவ் இளவரசி' நாவலைப் படிக்கும் அளவுக்குக் கவனம் செலுத்தினாலே போதும் என்று முன்னுரையில் பெண் வாசகர்களுக்கு அவர் தைரியம் சொன்னார். 1688இல் இதை ஆங்கிலத்தில் பெயர்த்த அஃப்ரா பென், சீமாட்டியை ஒரு பக்கத்தில் மேதையாகவும் அடுத்த பக்கத்தில் அசடாகவும் பேசவைத்திருக்கிறார் என்று தம் முன்னுரையிலேயே ஆசிரியரைக் குறைகூறியது குறிப்பிடத்தக்கது. நியாயமான குறைதான். ஃபொந்தெனெல் விளக்கிய அறிவியலோ வெளிவந்த மறு ஆண்டே பழையதாகிவிட்டது. கோள்களைச் சுமந்து செல்வது வெளியை நிரப்பிய நுண்பொருளின் சுழல்களே என்ற தெக்கார்த்தின் கொள்கையை நம்பியவர் அவர். 1687இல், கோள்களின் இயக்கத்தை ஈர்ப்பு விசையால் விளக்கிய நியூட்டனின் 'பிரின்கிப்பியா' வந்தது. ஏறத்தாழ நூறு வயது வாழ்ந்த அவர் கடைசிவரை சுழல்களைக் கைவிடவில்லை. நூலும் தொடர்ந்து அச்சாகிக்கொண்டே இருந்தது.

18ஆம் நூற்றாண்டின் முதன்மையான பெயர் ஜேம்ஸ் ஃபெர்குசன் (1710–1776). ஸ்காட்லாந்தில் ஏழை வீட்டில் பிறந்தவர். மூன்று மாதங்களே பள்ளி சென்றவர். ஆடு மேய்க்கும் வேலையில் இருந்த சிறுவன், இரவில் போர்வையோடு வயலுக்குப் போய் மல்லாந்து படுத்துக்கொள்வான். சிறு மணிகள் கோத்த நூல் ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் கண்ணுக்கு எதிரே இழுத்துப் பிடிப்பான். ஒரு மணி ஒரு விண்மீனை மறைக்கும்வரை அதைத் தள்ளுவான். அடுத்த மணியை அடுத்த விண்மீனுக்கு நகர்த்துவான். பிறகு அந்த நூலை அப்படியே தாள்மேல் வைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மணிகள் இருந்த இடங்களைப் புள்ளியிடுவான். இப்படி உருவானது அவனது முதல் விண்மீன் வரைபடம். இச்செய்தி ஃபெர்குசனே பிற்காலத்தில் எழுதிய சுருக்கமான தன்வரலாற்றில் உள்ளது. 1756இல் அவர் வெளியிட்ட நூல் நியூட்டனின் கொள்கைப்படி வானியலை விளக்குவது. கணிதம் படிக்காதவர்களுக்கு எளிமையாக்கியது என்று தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டது.

அந்த நூலை வாங்கியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் பாத் நகரில் இசை ஆசிரியராக இருந்த வில்லியம் ஹெர்ஷெல். நாள் முழுவதும் இசைப் பாடம் சொல்லிக்கொடுத்துக் களைத்துப்போய், ஒரு கிண்ணம் பாலோடும் ஃபெர்குசனின் புத்தகத்தோடும் அவர் படுக்கைக்குப் போவார் என்று தங்கை கரோலின் எழுதிவைத்திருக்கிறார். படித்தது போதாமல் தாமே கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்தார். 1781 மார்ச் 13 இரவு, வீட்டின் பின்புறத் தோட்டத்திலிருந்து அவர் கண்டது யுரேனஸ். வரலாறு எழுதத் தொடங்கிய காலத்திலிருந்து மனிதர் அறிந்த கோள்களோடு முதன்முறையாக ஒன்று கூடியது. கணிதம் படிக்காதவர்களுக்காக ஓர் ஆட்டிடையர் எழுதிய புத்தகம் அந்தத் தோட்டம்வரை வந்து சேர்ந்திருந்தது.

19ஆம் நூற்றாண்டு இவ்வகை நூல்களின் செழிப்பான காலம். நீராவி அச்சு இயந்திரமும் மலிவான தாளும் இதற்குக் காரணமாயின. லாப்லாஸ், அராகோ, ஹம்போல்ட், ஜான் ஹெர்ஷெல் எனப் பெரிய அறிவியலாளர்களே பொது வாசகரை நோக்கித் திரும்பினர். இவர்கள் நடுவே தனித்து நிற்பவர் மேரி சோமர்வில் (1780–1872). சிறுமியாக இருந்தபோது இரவில் யூக்ளிட் படிக்கிறாள் என்று தெரிந்து, வீட்டார் அவரது அறையிலிருந்து மெழுகுவர்த்திகளை எடுத்துப்போய்விட்டார்கள். அதற்குள் பல தேற்றங்கள் மனப்பாடமாகியிருந்ததால் இருட்டில் படுத்தபடியே மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தார். லாப்லாஸின் வானியக்கவியலைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டு அவர் எழுதிய 'வானங்களின் இயக்கமுறை' (1831) கேம்பிரிட்ஜில் பாடநூலாயிற்று. பொது வாசகரை எட்டியது அடுத்த நூலான 'இயற்பியல் அறிவியல்களின் தொடர்பு' (1834). அவர் வாழ்நாளிலேயே ஒன்பது பதிப்புகள் கண்டது.

இந்நூலைப் பற்றி ஒரு செய்தி வழங்கிவருகிறது. நெப்டியூன் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிட்ட ஜான் கவுச் ஆடம்ஸ், அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் எண்ணமே சோமர்வில்லின் ஆறாம் பதிப்பிலிருந்த ஒரு வாக்கியத்தால் வந்தது என்று அவருடைய கணவரிடம் கூறினாராம். யுரேனஸின் தடுமாற்றத்தைக் கொண்டு கண்ணுக்கு எட்டாத ஒரு கோளின் இருப்பைக் கணிக்க முடியலாம் என்பது அந்த வாக்கியத்தின் கருத்து. ஆனால் ஆறாம் பதிப்பு வந்தது 1842இல். யுரேனஸை ஆராய முடிவெடுத்ததாக ஆடம்ஸ் தம் கைப்பட எழுதிய குறிப்பின் தேதி 1841 ஜூலை 3. நூலாசிரியருக்குச் சொன்ன மரியாதை வார்த்தையாக அது இருக்கலாம்; நினைவுப் பிழையாகவும் இருக்கலாம். நெப்டியூன் 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில், பிரெஞ்சு வானியலாளர் லெவெரியேயின் கணக்கைக் கொண்டு காணப்பட்டது.

அந்த லெவெரியேயின் கீழ்ப் பாரிஸ் வானாய்வகத்தில் கணக்குப் போடும் ஊழியராக 1858இல் சேர்ந்த இளைஞர்தான் கமீல் ஃபிளம்மரியோன் (1842–1925). அதற்கு முன் ஓர் உலோகச் செதுக்கு கலைஞரிடம் தொழில் பழகியவர். பதினாறு வயதிலேயே உலகத் தோற்றம் பற்றி ஒரு பெரிய கையெழுத்துப்படி எழுதிவைத்திருந்தார். நோயில் படுத்தபோது வைத்தியம் பார்க்க வந்த மருத்துவர் அதைக் கண்டுதான் லெவெரியேயிடம் அவரை அனுப்பினார் என்பர். 1862இல், இருபது வயதில், வேற்றுலகங்களில் உயிர் வாழ்வதைப் பற்றி நூல் வெளியிட்டார். அதே ஆண்டு வேலையும் போயிற்று. நூல்தான் காரணம் என்று பலர் எழுதியுள்ளனர். லெவெரியே எவரோடும் ஒத்துப்போகாதவர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அவரது 'மக்கள் வானியல்' 1880இல் வெளிவந்தது. நூற்றுக்கணக்கான படங்கள், வாசகரை நேரே விளித்துப் பேசும் நடை. பிரெஞ்சு அக்கடமி பரிசு அளித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன. போர்தோ நகரைச் சேர்ந்த வாசகர் ஒருவர், பாரிஸுக்குத் தெற்கே ஜுவிசி என்ற ஊரிலிருந்த தம் மாளிகையையே ஃபிளம்மரியோனுக்குத் தானமாக எழுதிக்கொடுத்தார். ஒரு காலத்தில் அஞ்சல் வண்டிகளுக்குக் குதிரை மாற்றும் இடமாக இருந்த வீடு அது. பாரிஸ் எதிரிகளிடம் சரணடைந்துவிட்டது என்ற செய்தி 1814 மார்ச்சில் நெப்போலியனுக்கு எட்டியது அவ்விடத்தில்தான். ஃபிளம்மரியோன் அங்கே 1883இல் வானாய்வகம் நிறுவினார். நான்கு ஆண்டுகளில் பிரெஞ்சு வானியல் கழகமும் அவரால் உருவாயிற்று. வாசகரிடம் பெற்றதை அவர் வாசகருக்கே திருப்பிக் கொடுத்தார் என்பது பொருந்தும். செவ்வாயில் உயிர்கள் உண்டு என்ற நம்பிக்கையும் ஆவிகளைப் பற்றிய ஆய்வும் அவருடைய மறுபக்கம்.

1888இல் வந்த அவரது 'வளிமண்டலம்' நூலில் ஒரு மரச்செதுக்குப் படம் உண்டு. நீண்ட அங்கியும் கைத்தடியுமாக ஒருவன், வானமும் நிலமும் கூடும் இடத்தில் மண்டியிட்டிருக்கிறான். விண்மீன்கள் பதித்த வானத் திரையைத் துளைத்துத் தலையையும் ஒரு கையையும் வெளியே நீட்டி, அப்பால் சுழலும் சக்கரங்களையும் மேகத் திரள்களையும் வியந்து பார்க்கிறான். இப்படத்தைப் பார்க்காமல் வானியல் நூல்களைப் படித்துவந்த வாசகர் அரிது. நெடுங்காலம் இடைக்காலப் படம் என்றே நம்பப்பட்டது. ஜெர்மன் வானியலாளர் எர்ன்ஸ்ட் சின்னர் 1957இல் அதை மறுமலர்ச்சிக் காலத்துக்கு உரியதாகக் கூறினார். பழைய பதிப்பு எதையும் அவரால் காட்ட முடியவில்லை. செதுக்கு நுட்பம் 19ஆம் நூற்றாண்டுக்கு உரியது என்று 1973இல் சூரிச் நூலகர் புரூனோ வெபர் எடுத்துக்காட்டினார். இளமையில் செதுக்குத் தொழில் பழகிய ஃபிளம்மரியோனே வடிவமைத்திருக்கலாம் என்பது இன்று பலர் ஏற்கும் ஊகம். உறுதியான சான்று இல்லை.

அதே காலத்தில் ஆங்கிலத்தில் சைமன் நியூகோம் (1878), ராபர்ட் பால் (1885) ஆகியோரின் நூல்கள் பரவலாக வாசிக்கப்பட்டன. ஐரிஷ்காரரான ஆக்னஸ் கிளார்க் 1885இல் எழுதிய 19ஆம் நூற்றாண்டு வானியல் வரலாறு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியவரும் 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தவருமான சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனின் குறுக்கே கடக்கவிருந்ததை மக்களுக்கு விளக்க ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலம், உருது, கன்னடம் உள்ளிட்ட பல மொழிகளில் அது அச்சானது. அதுவும் உரையாடலாகவே எழுதப்பட்டது. ஃபொந்தெனெலின் தோட்டத்தில் சீமாட்டி கேட்டாள். இங்கே மரபுக் கல்வி பெற்றவரும் புதிய வானியல் அறிந்தவரும் எதிரெதிரே அமர்ந்து பேசுகிறார்கள். பழைய சித்தாந்தங்களைத் தூக்கி எறியாமல், கண்ணால் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே ரகுநாதாச்சாரியின் நிலை. அவர் பிறந்த ஆண்டைப் பற்றி நூல்கள் ஒத்துப்போவதில்லை, இறந்தது 1880. தமிழில் பின்னர் பெ. நா. அப்புசுவாமி (1891–1986) உள்ளிட்டோர் அறிவியலைப் பொது வாசகருக்கு எழுதினர்.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்து வானியலாளர்களான எடிங்டனும் ஜீன்ஸும் இத்துறையை ஆண்டனர். ஜேம்ஸ் ஜீன்ஸ் 1930 நவம்பர் 4 அன்று கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாற்றினார்; அதன் விரிவான 'புதிரான அண்டம்' மறுநாளே கடைக்கு வந்து பரபரப்பாக விற்றது. அண்டத்தைப் படைத்தவர் ஒரு கணிதவியலாளர் போலத் தோன்றுகிறார் என்ற அவரது முடிவைத் தத்துவ அறிஞர் சூசன் ஸ்டெபிங் 1937இல் கடுமையாக மறுத்தார். 'பெரு வெடிப்பு' என்ற தொடர் ஃபிரெட் ஹாயில் 1949 மார்ச்சில் பிபிசி வானொலியில் பேசியபோது பிறந்தது. அண்டம் ஒரு கணத்தில் தோன்றியது என்ற, தாம் ஏற்காத கொள்கையை ஏளனம் செய்யவே அப்படிச் சொன்னார் என்பது பரவலான கருத்து. வானொலிக் கேட்போருக்கு ஒரு காட்சியை உருவாக்கவே சொன்னதாக ஹாயில் விளக்கமளித்தார். எதிரணியில் நின்ற ஜார்ஜ் காமோவ் 'அண்டத்தின் படைப்பு' (1952) எழுதினார். ஒடிசாவின் பிஜு பட்நாயக் அளித்த கொடையால் யுனெஸ்கோ வழங்கும் கலிங்கப் பரிசு 1956இல் காமோவுக்கும் 1967இல் ஹாயிலுக்கும் கிடைத்தது.

அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் சிறுவனாக நியூயார்க் நூலகமொன்றில் நட்சத்திரங்களைப் பற்றிப் புத்தகம் கேட்டபோது, நூலகர் திரைப்பட நடிகர்களின் படப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாராம். அவர் 1980இல் எழுதிய 'காஸ்மாஸ்', பதின்மூன்று பகுதித் தொலைக்காட்சித் தொடரோடு சேர்ந்து உலகெங்கும் சென்றது. ஸ்டீவன் ஹாக்கிங்கின் 'காலம்: ஒரு சுருக்கமான வரலாறு' 1988இல் வந்தது. சேர்க்கும் ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கும் என்று எச்சரிக்கப்பட்டதால் ஐன்ஸ்டைனின் ஒரே ஒரு சமன்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டார். ஒரு கோடிப் படிகளைத் தாண்டிய அந்நூலைத் தமிழிலும் படிக்கலாம்.

2017இல் நீல் டிகிராஸ் டைசனின் 'அவசரக்காரர்களுக்கான வானியற்பியல்', 2020இல் அண்டத்தின் முடிவைப் பற்றிக் கேட்டி மேக்கின் நூல் ஆகியவை கவனம் பெற்றன.

இந்திய மொழிகளில் இப்பணியைத் தொடர்ந்து செய்தவர்களுள் ஹாயிலின் மாணவரான ஜெயந்த் நார்லிகர் (1938–2025) முதன்மையானவர். 1996ஆம் ஆண்டுக் கலிங்கப் பரிசு பெற்றவர். மராத்தியில் வானியல் நூல்களும் அறிவியல் புனைகதைகளும் எழுதினார். கையெழுத்து கேட்டுத் தம்மைச் சூழ்ந்துகொள்ளும் பள்ளிப் பிள்ளைகளிடம், ஓர் அஞ்சலட்டையில் கேள்வி எழுதி அனுப்பினால் பதிலோடு கையெழுத்தும் சேர்ந்து வரும் என்பாராம். பிள்ளைகள் அனுப்பினார்கள், அவரும் பதில் எழுதினார்.