செல்போன் ஒரு சாட்சி: தடயவியல் வந்த பாதை

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களில் கையில் செல்போன் இல்லாதவர் எத்தனை பேர்? வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் வட்டாரம் முழுக்க இதே கதைதான். யாரிடம் எப்போது பேசினார், எந்த டவருக்குப் பக்கத்தில் இருந்தார், என்ன படம் எடுத்தார் என்பதெல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளும் கம்பெனிக்காரர்களின் கம்ப்யூட்டரிலும் பதிவாகிக்கொண்டே இருக்கிறது. நாளைக்கே ஒரு வழக்கு வந்தால் அந்தச் செல்போன் கோர்ட்டில் சாட்சியாக வந்து நிற்கும். அதை எந்த அளவுக்கு நம்பலாம்? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

விஷத்தில் தொடங்கிய கதை

இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849ல் சென்னையில் தொடங்கப்பட்டது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தக் காலத்தில் முக்கியமான வேலை, இறந்தவர் உடலில் விஷம் இருக்கிறதா என்று பார்ப்பது. அந்த ஆய்வகத்தின் வழி வந்ததுதான் இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை. அதன் மண்டல ஆய்வகங்களில் ஒன்று வேலூரிலும் இருக்கிறது.

விஷப் பரிசோதனையில் அன்றைக்கே ஒரு பாடம் தெரிந்திருந்தது. பரிசோதனை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் போதாது. பாட்டிலுக்கு யார் சீல் வைத்தார்கள், வழியில் யார் கையில் இருந்தது என்பது தெரியாவிட்டால் முடிவுக்கு மதிப்பில்லை. செல்போனுக்கும் இதே விதிதான்.

ஒரு கேமராவும் ஒரு வாக்குமூலமும்

1991 மே 21. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதே குண்டு வெடிப்பில் இறந்த போட்டோகிராபர் ஹரிபாபுவின் கேமரா மட்டும் பிழைத்தது. அதன் பிலிம் சுருளில் பத்துப் படங்கள். மாலையோடு நின்ற பெண்ணை அடையாளம் காட்டியது அந்தப் படங்கள்தான். யாருக்கும் சாதகமாகப் பேசத் தெரியாத ஒரு கருவி புலன் விசாரணையின் திசையையே காட்டிவிட்டது.

ஆனால் அதே வழக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தடா சட்டப்படி போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலங்கள் முக்கிய ஆதாரமாகின. 1998ல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999ல் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டும் அதை உறுதி செய்து, 3 பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. மற்ற 19 பேர் விடுதலையானார்கள். நால்வரில் ஒருவரான பேரறிவாளன் வேலூர் சிறையில் பல ஆண்டுகள் இருந்தார். பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. எதற்காக அது என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலம் பதிவு செய்த முன்னாள் சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013ல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2022 மே 18ல்தான்.

படம் அப்படியே இருந்தது. பேச்சைப் பதிவு செய்த கையில்தான் ஒரு வரி விடுபட்டது. அந்த ஒரு வரியின் விலை எத்தனை வருடங்கள் என்று யோசித்துப் பாருங்கள்!

செல்போன் கோர்ட்டுக்கு வந்தது

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31ல். 2000ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது, 1872ம் வருடத்து சாட்சியச் சட்டத்தில் 65பி என்ற பிரிவும் சேர்ந்தது. கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த பிரதியைக் கோர்ட்டில் கொடுத்தால், அது எப்படி எடுக்கப்பட்டது என்று சான்றிதழ் தரவேண்டும். இதுதான் அந்தப் பிரிவின் சாரம்.

2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம், ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசச் செய்தி போட்டவருக்குத் தண்டனை கொடுத்தது. புதிய சட்டத்தின் கீழ் நாட்டில் கிடைத்த ஆரம்பகாலத் தண்டனைகளில் அது ஒன்று. அதில் 65பி சான்றிதழ் முறையாகக் கொடுக்கப்பட்டிருந்தது.

2001 பாராளுமன்றத் தாக்குதல் வழக்கில் செல்போன் அழைப்புப் பட்டியல் பெரிய பங்கு வகித்தது. 2005ல் உச்ச நீதிமன்றம் சான்றிதழ் இல்லாமலே அந்தப் பட்டியலை ஏற்றது. ஆனால் அதே தீர்ப்பில் எஸ்.ஏ.ஆர். கிலானியின் விடுதலை உறுதியானது. சந்தேகம் இருந்தாலும், அழைப்பு விவரங்கள் மட்டும் குற்றத்தை நிரூபிக்கப் போதவில்லை. பேசினார் என்பதைப் பட்டியல் சொல்லும், என்ன நோக்கத்தோடு பேசினார் என்பதைச் சொல்லாது.

2014ல் கேரளத் தேர்தல் வழக்கு ஒன்றில் (அன்வர் எதிர் பஷீர்) உச்ச நீதிமன்றம் நிலையை மாற்றியது. சான்றிதழ் இல்லாத சி.டி.க்கள் செல்லாது என்றது. 2020ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதையே உறுதி செய்தது.

உள்ளே எப்படித் தேடுகிறார்கள்?

முதல் வேலை, செல்போனை நெட்வொர்க்கிலிருந்து பிரிப்பது. இல்லாவிட்டால் தூரத்திலிருந்தே யாராவது அழித்துவிட முடியும். அதற்காக அலைகளைத் தடுக்கும் ஃபாரடே பையில் போடுவார்கள். பிறகு 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்து, அதற்கு ஹேஷ் எண் கணக்கிடுவார்கள். பிரதியில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் ஹேஷ் எண் முழுக்க மாறிவிடும். ஆய்வு நடப்பது பிரதியில்தான்.

அழித்த படம், செய்தி எல்லாம் திரும்ப வருமா? சில சமயம் வரும். செயலியின் தரவுக் கோப்புகளில் அழித்த பதிவு மிச்சம் இருக்கலாம். ஆனால் புதிய போன்களில் எல்லாமே மறைகுறியாக்கப்பட்டிருப்பதால் முன்போல் எளிதில்லை. டவர் பதிவும் ஆள் எந்தப் பகுதியில் இருந்தார் என்று காட்டுமே தவிர, எந்த வீட்டில் என்று காட்டாது.

பொள்ளாச்சி காட்டியது

2019ல் வெளிவந்த பொள்ளாச்சி பாலியல் வழக்கில், பெண்களை மிரட்டப் பயன்பட்ட செல்போன் வீடியோக்களே குற்றவாளிகளுக்கு எதிரான ஆதாரமாக மாறின. 2025 மே 13ல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. ஆனால் விசாரணையின் தொடக்கத்தில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் போலீஸ் தரப்பிலிருந்தே வெளியானதையும் மறக்க முடியாது. செல்போனில் இருப்பது பலருடைய வாழ்க்கை. அதைக் கையாளும் இடத்தில் கசிவு வந்தால் பாதிக்கப்பட்டவரே மறுபடி பாதிக்கப்படுகிறார்.

இன்றைய சட்டம்

2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. 65பி இருந்த இடத்தில் இப்போது 63வது பிரிவு. சான்றிதழில் இரண்டு பகுதி உண்டு, ஒன்றை நிபுணர் தரவேண்டும். ஹேஷ் எண்ணையும் எழுதவேண்டும். சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கவேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது.

இதெல்லாம் வக்கீல்களுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். போனில் *#06# அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும். அதைத் தனியாக எழுதி வைக்கலாம். போன் பறிமுதலானால் மகஜரில் அந்த எண் இருக்கிறதா, சீல் வைத்தார்களா, வீடியோ எடுத்தார்களா என்று கேட்கலாம். தோல் ஷாப்பில் வேலை செய்கிற தொழிலாளிக்கும் இது பொருந்தும். குற்றவாளி தப்பிக்காமல் இருக்கவும், நிரபராதி வருடக்கணக்கில் வேலூர் சிறையில் கிடக்காமல் இருக்கவும் இந்தச் சின்னக் கேள்விகள் உதவும்.