கூனன் குரிசு சத்தியமும் மீட்புக்குரிய விசுவாசமும்

கூனன் குரிசு சத்தியம் என்பது 1653 ஜனவரி 3 அன்று கொச்சி மட்டாஞ்சேரியில் மார்த்தோமா கிறிஸ்தவர்கள் சிலுவையின் பேரில் எடுத்த உறுதிமொழி. கூனன் என்றால் வளைந்தது. குரிசு என்றால் சிலுவை. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இதை அதிகாரப் போராட்டமாகவே எழுதுகின்றன. மனிதரை மீட்கும் விசுவாசம் எது என்ற கேள்வியும் அதில் கலந்திருந்தது.

தமிழில் ‘விசுவாசம்’ இரு பொருளில் வழங்கும் சொல். ஆலயத்தில் அது கடவுள்மேல் வைக்கும் நம்பிக்கை. வீட்டிலும் தெருவிலும் உப்பிட்டவரை மறவாத குணம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான ‘பிஸ்டிஸ்’ இந்த இரண்டையும் சுமக்கிறது. சீர்திருத்தச் சபைகளின் இறையியலாளர்கள் மீட்புக்குரிய விசுவாசத்தில் மூன்று கூறுகளைக் கண்டனர்: கிறிஸ்துவைப் பற்றி அறிவது, அறிந்ததை உண்மையென ஏற்பது, தன்னையே அவரிடம் ஒப்புக்கொடுப்பது. மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் மீட்காது என்பது அவர்கள் துணிபு. பவுலின் ரோமர் நிருபம் இதற்கு ஆதாரம். 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் விசுவாசத்தை மீட்பின் தொடக்கமாகவும் வேராகவும் ஏற்றது. ஆயினும் அன்போடு சேராத விசுவாசம் போதாது என்றது. யாக்கோபின் நிருபம் அதன் பக்கம் பேசுகிறது.

ஐரோப்பாவில் இப்படி வழக்கு நடந்துகொண்டிருக்க, 1579இல் கொச்சியில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளாரின் ‘கிரீசித்தியானி வணக்கம்’ தமிழில் அச்சானது. மறைக்கல்வியைக் கேள்வி பதிலாகச் சொல்லும் நூல் அது. கற்று, மனத்தில் இருத்தி, அறிக்கையிடுவது அதன் வழி.

மலபாரின் மார்த்தோமா கிறிஸ்தவர்களோ தங்கள் சமயத்தை ‘மார்க்கம்’ என்றார்கள். அப்போஸ்தலர் தோமா காட்டியதாக நம்பி, தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வழி அது. சுரியானி மொழி வழிபாடும், கிழக்கிலிருந்து வரும் ஆயர்களும், அர்க்கதியாக்கோன் என்ற உள்ளூர்த் தலைவரும் அதன் அங்கங்கள். 1599 ஜூனில் கோவாப் பேராயர் மெனேசிஸ் கூட்டிய உதயம்பேரூர் சங்கம், தோமாவின் மார்க்கம் வேறு, பேதுருவின், அதாவது ரோமின், மார்க்கம் வேறு என்று சொல்வதையே கண்டித்தது. பழைய சுரியானி நூல்கள் பல திருத்தப்பட்டன, சில எரிக்கப்பட்டன. ஒரு சமூகம் தன் மூதாதையரின் செபங்கள் தீயில் போவதைப் பார்த்த துயரம் அடுத்த அரை நூற்றாண்டிலும் ஆறவில்லை.

1652இல் அகத்தல்லா என்ற சுரியானி ஆயர் மயிலாப்பூர் வந்தார். அவர் அங்கே போர்த்துகீசியரால் தடுத்து வைக்கப்பட்டு, கப்பலில் கோவாவுக்கு அனுப்பப்பட்டார். கப்பல் கொச்சிக்கு வந்தபோது அர்க்கதியாக்கோன் பறம்பில் தோமாவோடு திரண்ட மக்கள் அவரைக் காணக் கெஞ்சினர். அனுமதி கிடைக்கவில்லை. அவரைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. உண்மையில் அவர் 1654இல் பாரிஸில் இறந்தார். ஆனால் அவர் உயிரோடிருக்கும் செய்தி அன்று மட்டாஞ்சேரியை எட்ட வழியில்லை.

ஜீவமாதா ஆலயத்தின் முன் கூடிய மக்கள், தங்கள்மேல் அதிகாரம் கொண்டிருந்த பேராயர் கார்சியாவுக்கும் சேசு சபையாருக்கும் இனிக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தனர். எல்லாருக்கும் சிலுவை எட்டவில்லை. ஆகவே அதில் கயிறுகள் கட்டி, கயிற்றைப் பிடித்தபடி உறுதி சொன்னார்கள் என்றும், இழுபட்டுச் சிலுவை வளைந்தது என்றும் மரபு கூறுகிறது. உறுதிமொழி பாப்பரசரையும் விலக்கியதா என்பதில் சபைகள் இன்றும் வேறுபடுகின்றன.

அன்று இரு தரப்பும் அறிக்கையிட்டது ஒரே கிறிஸ்துவை. விசுவாசத்தை ஏற்கவேண்டிய போதனை என்று மட்டும் கொண்டால் இந்தப் பிளவுக்கு விளக்கமே கிடைக்காது. கயிற்றைப் பிடித்தவர்களுக்கு விசுவாசம் பெற்றதைக் கைவிடாமை. தனியாளாக அல்ல, குலமாகக் கிறிஸ்துவைப் பற்றியிருத்தல். ‘எப்போது இரட்சிக்கப்பட்டீர்கள்?’ என்று இன்றைய பெந்தெகொஸ்தே சபைகளில் கேட்பதுபோல் அவர்களிடம் கேட்டிருந்தால், கேள்வியே அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்கும்.

1653 மே 22 அன்று ஆலங்காட்டில் 12 குருக்கள் கைவைத்து அர்க்கதியாக்கோன் தோமாவை ஆயராக்கினர். ரோம் அனுப்பிய கர்மேல் சபைத் துறவிகளின் முயற்சியால் 1663க்குள் 84 ஆலயங்கள் கத்தோலிக்கத் திருச்சபையோடு இணைந்தன. 32 தோமாவோடு நின்றன.

தோமாவின் வழியில் நின்ற சபைக்குள் 1836இல் மீட்கும் விசுவாசம் எது என்ற அதே கேள்வி வேறு திசையிலிருந்து வந்தது. மாராமணில் பாலக்குன்னத்து ஆபிரகாம் மல்பான் என்ற குரு, புனிதர்களிடம் வேண்டுவதையும் இறந்தோருக்கான மன்றாட்டையும் நீக்கி மலையாளத்தில் வழிபாடு நடத்தினார். கிறிஸ்துவை மட்டும் சார்வதே விசுவாசம் என்றார். எதிர்த்தவர்கள் முன்னோர் வழியைக் காட்டினார்கள். இரு பக்கமும் நின்றவர்கள் மட்டாஞ்சேரிக் கயிற்றைப் பிடித்த மரபில் வந்தவர்களே.