ஹானிபல் லெக்டரின் முன்கதை

அமெரிக்க எழுத்தாளர் தாமஸ் ஹாரிஸின் 'ரெட் டிராகன்' (1981) புதினத்தில் அறிமுகமானவர் ஹானிபல் லெக்டர். மனநல மருத்துவர், மனிதரைக் கொன்று தின்பவர். 'தி சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்' (1988) புதினத்தில், தன் கொடுமைக்குக் கடந்தகாலத்தில் காரணம் தேடுவதை லெக்டரே ஏற்க மறுக்கிறார். 1991இல் திரைப்படமாகி ஐந்து ஆஸ்கர் விருதுகள் பெற்ற அக்கதையின் அச்சம், பெரும்பாலும் அந்தக் காரணமின்மையிலிருந்தே பிறந்தது.

'ஹானிபல் ரைசிங்' (2006) புதினமோ காரணத்தை விரித்துரைத்தது. இரண்டாம் உலகப்போர்க் கால லிதுவேனியாவில், பசித்த கொள்ளையர் லெக்டரின் தங்கை மிஷாவைக் கொன்று தின்கின்றனர். 2007இல் இதுவும் திரைப்படமானது. பழிவாங்கும் அண்ணன் மீது இரக்கம் பிறக்க, அச்சம் தணிகிறது. போரின் கொடுமையைக் காட்ட இம்முன்கதை உதவலாம். லெக்டரை விளக்க இது போதாது. அப்போரில் உற்றாரை இழந்தோர் எண்ணற்றோர், அவர்கள் லெக்டராகவில்லை.