பினாங்குத் துறையில் மூழ்கிய முத்து

"அவன் பெரிய எம்டன்" என்று நம்மவர் பேச்சில் ஒரு வழக்கு உண்டு. சூழ்ச்சியும் துணிவும் மிக்க ஒருவனைத் தோட்டத்து லயத்திலும் பட்டினத்துக் கடைத்தெருவிலும் இச்சொல்லால் சுட்டுகின்றோம். அஃது ஒரு ஜெர்மானிய யுத்தக்கப்பலின் பெயர் என்பதைப் பலர் அறிவர். ஆனால், அக்கப்பலால் இப்பினாங்குத் துறைமுகத்திலேயே அழிக்கப்பட்ட ருஷ்யக் கப்பலின் பெயரை அறிந்தவர் மிகச் சிலர். அதன் பெயர் 'ஜெம்சுக்'. ருஷ்ய மொழியில் அதற்கு முத்து என்பது பொருள். வென்றவன் பெயர் நம் நாவில் நிலைத்தது. மாண்டவர் பெயர் கடலோடு போயிற்று. அவர்கள் ஏன் மாண்டனர் என்று வினவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீனக் கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்தாவ் துறைமுகமே எம்டனின் இருப்பிடம். 1914-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முதல் உலக யுத்தம் மூண்டதும், அதன் தலைவர் கார்ல் வான் முல்லர் தன்னந்தனியே இந்து மகாசமுத்திரத்தில் புகுந்தார். இருபதுக்கு மேற்பட்ட வாணிபக் கப்பல்களைப் பிடித்தார். செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னைக்கு எதிரே தோன்றி, ஏறக்குறைய 130 குண்டுகளை வீசினார். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறையில் நின்ற கப்பலொன்றில் ஐவர் இறந்தனர். அரைமணி நேரத்து வேலை அது; ஆயினும், அடுத்த நாட்களில் பல்லாயிரம் மக்கள் ஊரைவிட்டு ஓடினர். அக்குண்டுவீச்சை நினைவூட்டும் கல் சென்னை ஹைக்கோர்ட்டு மதிலில் உள்ளது. எம்டன் என்பது தமிழ்ச் சொல்லானது அந்த அச்சத்தினாலேயே.

ஐந்து வாரங்கள் கழித்து, அக்டோபர் 28-ந் தேதி வைகறையில், அக்கப்பல் பினாங்கை அடைந்தது. அதற்குரியவை மூன்று புகைபோக்கிகள். நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றை நிறுத்தி, 'யார்மவுத்' என்னும் ஆங்கிலக் கப்பல்போல் தோற்றம் பெற்று உள்ளே நுழைந்தது. அக்கப்பலின் முதன்மைத் துணை அதிகாரியாகிய ஹெல்முத் வான் மூக்கே, 1915-ல் வெளியிட்ட தம் நினைவு நூலில் அவ்வைகறையை விவரிக்கின்றார். விளக்கேற்றி நின்ற வாணிபக் கப்பல்களுக்கிடையே இருண்ட உருவமொன்று தெரிந்ததாம். நெருங்கிச் சென்ற பின்னரே அது ஜெம்சுக் எனத் தெளிந்ததாம். அதில் இருந்தோர் நல்ல உறக்கத்தில் இருந்தனராம்.

எம்டன் ஜெர்மானியக் கொடியை ஏற்றிற்று. சில நூறு கஜ தூரத்தில் நின்று, டார்ப்பீடோ என்னும் நீரடிக் குண்டை ஏவிற்று, பீரங்கிகளும் முழங்கின. ருஷ்யர் சிலர் விழித்தெழுந்து சுட்டனர், பயனில்லை. இரண்டாவது டார்ப்பீடோ தாக்கியதும் முத்து வெடித்துச் சிதறி மூழ்கிற்று. 89 பேர் மாண்டனர். 143 பேர் காயமுற்றனர். 1905-ல் ஜப்பானியரோடு நடந்த சுஷிமா கடற்போரில் தப்பிப் பிழைத்த கப்பல், அமைதியான துறைமுகத்தில் நங்கூரமிட்ட நிலையில் அழிந்தது.

அவ்வேளையில் அதன் தலைவர் எங்கே? பாரன் செர்க்காசோவ் என்னும் அப்பிரபு, கரையில் ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் ஹோட்டலில் தங்கியிருந்தார். பகைக் கப்பல் உலவும் கடலோரத்தில் தக்க காவல் வைக்கப்படவில்லை. வெடிகுண்டுகளுள் மிகச் சிலவே மேல்தளத்தில் ஆயத்தமாயிருந்தன. ருஷ்ய நீதிமன்றம் பின்னர் அவரது பதவியையும் பிரபுப் பட்டத்தையும் பறித்து, சிறைத்தண்டனை விதித்தது. ஆனால், அத்தீர்ப்பு அந்த 89 உயிர்களை மீட்குமோ?

தோழர்களே! பிறப்பால் வந்த பட்டம் ஒருவனுக்கு அதிகாரத்தைத் தரலாம், கடமையுணர்ச்சியைத் தருவதில்லை. கப்பலாயினும் தோட்டமாயினும், மேலிருப்போன் அயர்ந்தால் அதன் விலையைக் கொடுப்பவன் கீழே உழைப்பவனே.

முல்லரின் நடத்தையையும் நடுநிலையோடு நோக்கவேண்டும். வெளியேறும் வழியில் ஆயுதமற்ற ஒரு சிறு சர்க்கார்ப் படகைப் போர்க்கப்பலெனக் கருதிச் சுட்டார். பிழையென அறிந்ததும் நிறுத்தினார். பின்பு எதிர்ப்பட்ட 'மூஸ்கே' என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பலை மூழ்கடித்தார். ஆயினும், நீரில் தத்தளித்த 36 பிரெஞ்சுக்காரரை மீட்டார். அவர்களுள் இறந்தோரை இராணுவ மரியாதையுடன் கடலில் அடக்கஞ்செய்து, ஏனையோரை ஆங்கிலக் கப்பலொன்றில் ஏற்றி அனுப்பினார். நவம்பர் 9-ந் தேதி, கோகோஸ் தீவுகளருகே, ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' எம்டனைச் சிதைத்தது. அங்கும் நூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர்.

செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்து சென்னையைத் தாக்கினார் என்றொரு கதை நம்மிடையே உலவுகின்றது. அவர் அக்காலத்தில் ஐரோப்பாவில், சூரிச்சிலும் பின்பு பெர்லினிலும் இருந்து விடுதலைக்குப் பாடுபட்டவர். அவர் பெருமைக்கு அத்தொண்டே போதும்; பொய்க்கதை வேண்டுவதில்லை.

எம்டன் நினைவுகளை எழுதிப் புகழ்பெற்றோர் மூக்கேயும், ஹோஹென்ஸோலர்ன் குடும்பத்து இளவரசர் ஒருவரும் ஆவர், இருவரும் அதிகாரிகளே. முல்லரோ நூல் எழுத மறுத்துவிட்டார். இறந்த தோழர்களின் இரத்தத்தைக் காசாக்க அவர் உள்ளம் இசையவில்லை என்பர். மூக்கேயும் பிற்காலத்தில் யுத்தத்தை எதிர்த்துப் பேசி, நாஜி ஆட்சியினரின் வெறுப்புக்கு ஆளானார். போரைக் கண்ணாற் கண்டவர்கள் அதைக் கொண்டாடவில்லை. கதையாகக் கேட்ட நாமே கொண்டாடுகின்றோம்!

உறக்கத்தில் தாக்குண்ட ருஷ்ய மாலுமிகளுட் சிலர் பினாங்கு வெஸ்டர்ன் ரோடு இடுகாட்டில் துயில்கின்றனர். ருஷ்யத் தூதரகத்தார் அங்கு மலர்வளையம் வைத்து வருகின்றனர். ஜெரஜாக் தீவிலும் கல்லறை உண்டு. பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த நம் முன்னோர், நோய்க்காவலில் அடைபட்டுக் கிடந்ததும் அதே தீவில்தான். இருசாராரும் பிறர் கட்டளைக்கு அடங்கிக் கடல் கடந்து வந்த எளியோர்; இருசாரார் பெயரும் ஏட்டில் ஏறவில்லை. இனி 'எம்டன்' என்னும் சொல் நம் வாயில் வரும்போது, அத்துறையில் மூழ்கிய முத்தையும் நினைப்போமாக.