பதிவேடு யார் கையில்? பயண முன்பதிவின் கதை



என் அக்காவின் மகன் வாட்டர்லூவில் கணனித்துறை படிக்கிறான். இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு சனி, ஞாயிறு முழுவதும் நித்திரை கொள்ளாமல், நண்பர்கள் மூவருடன் சேர்ந்து ஒரு மென்பொருட் போட்டியில் கலந்துகொண்டான். பயணிகள் இடைத்தரகர் யாரும் இல்லாமல் ஹோட்டல் அறையைப் பதிவுசெய்ய வழி செய்வதே அவர்கள் எழுதிய மென்பொருளின் நோக்கம். அதை மடிக்கணனியில் தன் அம்மம்மாவுக்குக் காட்டினான்.

“அம்மம்மா, இதிலை ஏஜென்ட் எண்டு ஒருத்தரும் இல்லை. ஒருத்தரும் ஏமாத்தேலாது.”

அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அப்ப, அங்கை போய் இறங்கேக்கை அறை இல்லையெண்டால் ஆரைப் பிடிச்சுக் கேக்கிறது, ராசா?”

அவனிடம் உடனே பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்விதான் இந்த மாத உரைக்குக் காரணம்.

“ஏஜென்ட்” என்ற சொல் எம்மவர் வீடுகளில் சாதாரணமான சொல் அல்ல. காணியை ஈடுவைத்து, தாலிக்கொடியை விற்று, முகம் தெரியாத ஒருவரின் கையில் காசைக் கொடுத்துப் புறப்பட்டவர்கள் நாங்கள். 1986 ஆகஸ்ட் 11 ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மீட்கப்பட்டார்கள். ஜேர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அவர்களும் பயணத்துக்குப் பணம் கட்டியவர்கள்தான். ஆனால் அவர்கள் பெயர் எழுதப்பட்ட பதிவேடு எங்கும் இருக்கவில்லை, கேட்பதற்கு ஆளும் இருக்கவில்லை. காப்பாற்றியவர்கள் அந்தக் கரையின் மீனவர்கள்.

பயண முன்பதிவு என்றால் என்ன? ஒரு பதிவேடு. இன்ன நாளில், இன்ன விமானத்தில், இத்தனை இருக்கைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இன்னாருக்கு. அவ்வளவுதான். அந்தப் பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவர் யார் என்பதே இதன் வரலாறு.

ஆரம்பத்தில் அது அட்டைப் பெட்டிகளில் இருந்தது. விமான நிறுவனங்களின் அலுவலகங்களில் ஒவ்வொரு பறப்புக்கும் ஓர் அட்டை இருக்கும். தொலைபேசி வந்ததும் எழுதுவினைஞர் அந்த அட்டையைத் தேடியெடுத்து இருக்கை இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரே இருக்கை இரண்டு பேருக்கு விற்கப்படுவதும் உண்டு, வெற்று இருக்கையோடு விமானம் பறப்பதும் உண்டு.

இதைக் கணனிக்கு மாற்றிய முன்னோடி முயற்சிகளில் ஒன்று எங்கள் ரொறன்ரோவில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. பிற்காலத்தில் எயார் கனடா எனப் பெயர் மாறிய ட்ரான்ஸ் கனடா எயார்லைன்ஸ் நிறுவனத்துக்காக, பெரன்ரி கனடா என்ற நிறுவனம் ‘ரிசேர்வெக்’ என்ற முறையை உருவாக்கியது. அதற்கான ஆரம்பப் பரிசோதனைகள் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் கணனியில் நடந்தன. 1960களின் தொடக்கத்தில் அது இயங்கத் தொடங்கியது. எழுதுவினைஞர்கள் பென்சிலால் குறியிட்ட அட்டையை ஓர் இயந்திரத்தில் செருகுவார்கள், பதில் கம்பி வழியே வரும்.

உலகம் அதிகம் அறிந்தது அமெரிக்காவின் ‘சேபர்’ முறையைத்தான். 1953ல் லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயோர்க் சென்ற ஒரு விமானத்தில் இரண்டு ‘ஸ்மித்’கள் பக்கத்து இருக்கைகளில் அமர்ந்திருந்தார்கள். ஒருவர் அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனத்தின் தலைவர் சி. ஆர். ஸ்மித். மற்றவர் ஐ.பி.எம் விற்பனையாளர் பிளேயர் ஸ்மித். அந்தப் பயணப் பேச்சு வளர்ந்து சேபர் ஆயிற்று. 1960ல் தொடங்கி, 1964 அளவில் முழு வலையமைப்பும் வேலை செய்தது.

1976 முதல் சேபர் திரைகள் பயண முகவர்களின் மேசைகளுக்கும் வந்தன. அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. முகவர் ஓர் ஊரின் பெயரைத் தட்டினால் திரையின் மேல் வரிகளில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானங்களே வந்து நின்றன. போட்டி நிறுவனங்களின் விமானங்கள் அடுத்த பக்கங்களுக்குத் தள்ளப்பட்டன. பதிவேட்டை வைத்திருப்பவர் பொய் எழுதத் தேவையில்லை, வரிசையை மாற்றினாலே போதும். 1984ல் அமெரிக்க அரசு இந்தப் பாரபட்சத்தைத் தடைசெய்து விதிகள் கொண்டுவந்தது. அவை 2004ல் நீக்கப்பட்டன.

ஐரோப்பாவில் எயார் பிரான்ஸ், லுப்தான்சா, ஐபீரியா, எஸ்.ஏ.எஸ் ஆகிய நான்கும் சேர்ந்து 1987ல் ‘அமடியஸ்’ அமைப்பைத் தொடங்கின. இன்று உலகின் முகவர் முன்பதிவுகளில் பெரும்பகுதி அமடியஸ், சேபர், ட்ரவல்போர்ட் என்ற மூன்று பெரிய வலையமைப்புகள் வழியாகவே போகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் விமான நிறுவனம் அவற்றுக்குக் கட்டணம் கட்டுகிறது. பொறுக்க முடியாத லுப்தான்சா, அந்த வலையமைப்புகள் வழியாக வரும் சீட்டுகளுக்கு 2015 செப்டெம்பர் முதல் 16 யூரோ மேலதிகமாக அறவிட்டது. இறுதியில் அந்தச் சுமை எங்கள் பைக்குத்தான் வந்தது.

இந்த இடத்தில்தான் பிளொக்செயின் வருகிறது. எம்மவருக்குத் தெரிந்த உதாரணத்தால் சொல்கிறேன். சீட்டுப் பிடிக்கும் ஒருவரிடம் மட்டுமே கணக்குக் கொப்பி இருக்கிறது. அவர் மாற்றி எழுதினாலும், கொப்பியோடு காணாமற் போனாலும் நாம் கையைப் பிசைய வேண்டியதுதான். அதற்குப் பதிலாக, சீட்டுக் கட்டும் ஒவ்வொருவர் வீட்டிலும் அதே கொப்பியின் பிரதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது வரி எழுதினால் எல்லாப் பிரதிகளிலும் எழுதப்பட வேண்டும், பழைய வரியை ஒருவர் தனியாக அழிக்க முடியாது. பிளொக்செயின் என்பது கணனிகளுக்கிடையே அப்படிப்பட்ட பொதுக் கொப்பி. 2009ல் இயங்கத் தொடங்கிய பிட்கொயின் பணத்துக்கு அந்தக் கொப்பியைப் பயன்படுத்தியது. 2015ல் வந்த எதேரியம் ஒரு படி மேலே போய், கொப்பிக்குள்ளேயே நிபந்தனைகளையும் எழுதலாம் என்றது. “இது நடந்தால் பணத்தை அவருக்குக் கொடு, நடக்காவிட்டால் திருப்பிக் கொடு” என்று எழுதிவிட்டால் அந்த நிரல் தானாகவே அதைச் செய்யும்.

‘ஹக்கத்தோன்’ என்ற சொல்லுக்கும் கனடாவுடன் தொடர்பு உண்டு. 1999 யூன் மாதம் கல்கரியில் ‘ஓபன் பி.எஸ்.டி’ மென்பொருளாளர்கள் கூடி வேலைசெய்த சந்திப்பே அந்தப் பெயரைத் தாங்கிய முதற் கூட்டங்களில் ஒன்று. பின்னர் அது உலகெங்கும் பரவி, ஒரு வார இறுதிக்குள் எண்ணத்தை இயங்கும் மாதிரியாக்கும் போட்டியாக மாறியது. 2017 ஒக்டோபர் 13 முதல் 15 வரை வாட்டர்லூவில் எதேரியத்துக்கான பெரிய ஹக்கத்தோன் நடந்தது. எதேரியத்தை முன்மொழிந்த விற்றாலிக் பியூட்டரின் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படிப்பை இடையில் நிறுத்தியவர். ‘கிரிப்ரோகிற்றீஸ்’ என்ற கணனிப் பூனை விளையாட்டு முதன்முதலில் வெளியே காட்டப்பட்டது அங்கேதான்.

பூனைக்கும் பயணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்த விளையாட்டில் ஒவ்வொரு பூனையும் தனித்தனி. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. உரிமையாளர் யார் என்பது பொதுக் கொப்பியில் இருக்கும். ஹோட்டல் அறையும் அப்படித்தான். 12 ஆம் இலக்க அறையின் ஆகஸ்ட் 3 ஆம் திகதி இரவு உலகில் ஒன்றே ஒன்றுதான். அதை ஒரு தனித்த வில்லையாக எழுதிவிட்டால் இரண்டு பேருக்கு விற்க முடியாது, போக முடியாதவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஹக்கத்தோன்களில் முன்பதிவுத் திட்டம் செய்யும் இளைஞர்கள் பெரும்பாலும் இதைத்தான் கட்டுகிறார்கள். பயணி பணத்தை நிரலிடம் கட்டுவார். அறைத் திறப்பு கைக்கு வந்ததும் பணம் ஹோட்டலுக்குப் போகும். குறித்த நாளுக்கு முன் இரத்துச் செய்தால் பணம் தானாகத் திரும்பி வரும். ஒன்றரை நாளுக்குள் இதைச் செய்து காட்டுவது மெச்சத்தக்க திறமை, சந்தேகமில்லை.

நிறுவனங்களும் இறங்கின. சுவிற்சர்லாந்தின் சூக் நகரைத் தளமாகக் கொண்ட ‘வைண்டிங் ட்ரீ’, இடைத்தரகர் அற்ற பொதுப் பயணச் சந்தையை அமைப்பதாக 2017ல் புறப்பட்டது. லுப்தான்சாவும், பின்னர் எயார் பிரான்ஸ் கே.எல்.எம் குழுமமும் அதனுடன் கைகோர்த்தன. தன் தளத்தின் மீது புதிதாகக் கட்டும்படி ஹக்கத்தோன்களில் இளைஞர்களையும் அது ஊக்குவித்தது. ஜேர்மனியின் ரூயி நிறுவனம் அதே வருடம் தன் ஹோட்டல் அறைக் கணக்கைத் தனக்குச் சொந்தமான பிளொக்செயினுக்குக் கொண்டுசென்றது.

ஆனால் நீங்கள் கடைசியாக வாங்கிய விமானச்சீட்டு இப்படியா வந்தது? இல்லை. அந்தப் பெரிய மூன்று வலையமைப்புகளும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. காரணங்கள் பல. 2017 டிசெம்பரில் அந்தப் பூனை விளையாட்டுக்கு வந்த கூட்டத்தாலேயே எதேரியம் மூச்சுத் திணறியது. அப்படியானால் கோடை விடுமுறையின் முன்பதிவுகளை அது எப்படித் தாங்கும்? கணனி நாணயங்களின் விலையும் நாளுக்கு நாள் ஏறி இறங்கியது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, கொப்பிக்குள் நடப்பதை மட்டுமே நிரல் அறியும். அறை உண்மையில் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, முதலாளி அதைத் தொலைபேசியில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாரா என்பதை அது அறியாது. கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னே நிற்க, பதிவில் சொந்தப் பெயர் முன்னே போய்விட்டால், விமான நிலையத்தில் நிற்கும் எங்கள் முகத்தை அது பார்க்காது.

மாற்ற முடியாத கொப்பி என்ற பெருமைக்கும் ஒரு சோதனை வந்தது. ‘த டாவோ’ என்ற கூட்டு முதலீட்டு நிரலில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, 2016 யூனில் ஒருவர் ஏறத்தாழ 36 இலட்சம் ஈதர் நாணயங்களை வேறு பக்கம் திருப்பினார். நிரல் எழுதப்பட்டபடிதான் நடந்தது. ஆனாலும் அது அநியாயம் என்று பெரும்பாலானோர் கருதினார்கள். வாதாடி, வாக்கெடுத்து, யூலை மாதம் கொப்பியையே மாற்றி எழுதிப் பணத்தை மீட்டார்கள். உடன்படாதவர்கள் பழைய கொப்பியோடு பிரிந்துபோனார்கள். அநியாயம் நடந்தபோது, இயந்திரத்தையே நம்பியவர்களும் மனிதர்களிடம்தான் திரும்பி வந்தார்கள்.

எங்கள் உண்டியல் முறையை நினைத்துப் பாருங்கள். அதில் எவரும் பார்க்கக்கூடிய பதிவேடே கிடையாது. ஆனாலும் இங்கே கொடுத்த காசு ஊரில் அம்மாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஏன்? காசை வாங்கியவரின் வீடு எங்களுக்குத் தெரியும். அவருடைய பிள்ளை எங்கள் பிள்ளையோடு தமிழ்ப் பள்ளிக்குப் போனது. அதே நம்பிக்கையால் ஏமாந்தவர்களும் உண்டு. 90களில் நானே ஒரு நிலவறைக் கடையில் கொழும்புச் சீட்டுக்காகக் காசு கட்டி, அடுத்த மாதம் பூட்டிய கதவின் முன்னே நின்றிருக்கிறேன். பற்றுச்சீட்டு இருந்தது, கேட்க ஆள் இல்லை.

2019 செப்டெம்பர் 23 அன்று, 178 வருடப் பழமை கொண்ட தோமஸ் குக் நிறுவனம் விழுந்தது. பிற நாடுகளில் நின்ற சுமார் ஒன்றரை இலட்சம் பேரைப் பிரித்தானிய அரசு விமானங்களை அமர்த்தி வீட்டுக்குக் கொண்டுவந்தது. பதிவேடுகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. பயணிகளைக் காப்பாற்றியது அவை அல்ல, “இது எங்கள் பொறுப்பு” என்று சொன்ன சட்டமும் அதற்கென ஒதுக்கிய நிதியும்தான். இங்கே ஒன்ராறியோவிலும் பயண முகவர்கள் ‘ரைகோ’ எனப்படும் பயணத்துறை மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுபெற்ற முகவர் முறிந்துபோனால் இழப்பீட்டு நிதியிடம் விண்ணப்பிக்கலாம். ஆகவே சீட்டு வாங்கும்போது மலிவை மட்டும் பாராமல், பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

மருமகனின் கதைக்குத் திரும்புகிறேன். இரண்டு கிழமை கழித்து வந்தான். நிரலைத் திருத்தியிருந்தான். இப்போது பணம் மூன்று திறப்புகள் உள்ள பெட்டியில் இருக்கும். ஒன்று பயணியிடம், ஒன்று ஹோட்டலிடம், ஒன்று நடுவரிடம். மூன்றில் இரண்டு சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். பிணக்கு வந்தால் நடுவர் விசாரித்து ஒரு பக்கம் நிற்பார்.

அம்மா கவனமாகக் கேட்டார். “நல்லது ராசா. அந்த மூண்டாவது ஆள் ஆர்?”

அவன் சிரித்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். நடுவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும், யார் அவரைத் தெரிவு செய்வது, அவர் பிழை விட்டால் யாரிடம் முறையிடுவது என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவன் குறிப்பு எடுத்துக்கொண்டான். தேநீர் ஆறிப்போகும் வரை அந்தப் பேச்சு நீண்டது.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படியான போட்டிகளுக்குப் போகக்கூடும். போகட்டும். எங்களுக்குக் கணனி தெரியாது என்று ஒதுங்கிவிடாமல், நீங்கள் பட்ட அனுபவத்தைச் சொல்லிக் கேள்வி கேளுங்கள். எங்களை ஏற்றிவந்த பயணங்களில் எது இல்லாமற் போனது என்று அவர்களுக்குத் தெரிந்தால், அவர்கள் கட்டுவதில் அது இடம்பெறும்.

மீண்டும் அடுத்த மாத உரையில் சந்திப்போம்.